இரவல் போன உப்பு வண்டி

இந்தப் பையை உங்க காலுக்குப் பக்கத்துல வச்சுக்கிடட்டுமா தம்பி? கனம் ஒண்ணுமில்ல. ஒரு ஆக்சிலேட்டர் வயர், ஒரு ஸ்பேனர், ஒரு சீப்புப் பழம். வயர் எதுக்குன்னு பாக்கீங்களா? என் வண்டியைத் திருடிட்டுப் போனவனுக்கு வயர் அந்து போச்சாம். நான் கொண்டு போய் மாட்டிக் கொடுக்கணும். பழமும் அவனுக்குத்தான். ஒரு வீட்டுக்குப் போறோம், வெறுங்கையோட போக முடியுமா?

இப்பவே சிரிக்காதீங்க. முழுசும் கேட்டுட்டுச் சிரிங்க. பஸ் கரும்பனூர் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கு.

என் பேரு ஆறுமுகநயினார். ஆலங்கிணத்துல வந்து உப்புக்கார நயினார்னு கேட்டா பச்சப்பிள்ளை கூட வீட்டைக் காட்டும். உப்பளத்துல மூட்டையா எடுத்துத் தெருத்தெருவா விக்கேன். இருபது வருஷம் சைக்கிள்ல வித்தேன், பெறவு எக்ஸெல் வண்டி வாங்கினேன். வண்டியில ஒரு சத்தப்பெட்டி கட்டினேன். முதல்ல அதுல நான்தான் பேசிப் பதிஞ்சேன். ஒரு வாரம் ஓட்டினேன் தம்பி, ஒரு ஈ காக்கா வரல. பிள்ளை தூக்கத்துல பயந்து எந்திரிச்சுட்டுன்னு ஒரு வீட்டுல சண்டைக்கே வந்துட்டாங்க.

பெறவு எம் பெண்டாட்டி சொர்ணம் பேசினா. அவ என்ன பெருசா பேசிட்டா? "நயினார் உப்பு வந்திருக்கு தாயீ... நமத்துப் போகாத உப்பு... கல்லுப்பு, பொடியுப்பு... பதறாண்டாம், அடுப்பைக் கொறச்சு வச்சுட்டுப் பைய வாங்க..." இவ்வளவுதான். வண்டி நின்ன இடத்துல எட்டுப் பேர், பத்துப் பேர் வந்து நிப்பாங்க. என்னைப் பாத்து, "ஐயா, அந்த அக்கா வரலியா?"ன்னு கேப்பாங்க. யாவாரத்துல ஒரு திறமை வேணும் தம்பி. எனக்கு அது இயற்கையிலயே உண்டு.

சாவியைத் திருப்பினா பெட்டி தானா பேசும். அப்படி ஒயர் இழுத்து வச்சிருந்தேன். அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

எங்க ஊர்ப் போலீசைக் கம்பெனிக்குக் கொடுத்துட்டாங்க, தெரியும்லா? சுங்கச்சாவடியைக் கொடுக்க மாதிரி, பஸ் ஸ்டாண்டு கக்கூசைக் கொடுக்க மாதிரி, ஸ்டேஷனையும் கொடுத்தாச்சு. நற்காவல்னு பேரு. நான் குறை சொல்ல மாட்டேன். முன்னால ஸ்டேஷனுக்குப் போனா "என்னல?"ன்னு கேப்பான். இப்ப கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன் மிசினு. மேனேஜர் ஒரு சின்னப் பையன், ஹரிகரன்னு பேரு. "வாங்க அங்கிள், உக்காருங்க அங்கிள்"னு எந்திரிச்சு நிப்பான். நாப்பது வருஷத்துல என்னைய எந்தப் போலீசும் உக்காரச் சொன்னதில்ல. எனக்கு அதுலயே மனசு நெறஞ்சு போச்சு.

கம்பெனிக்கு ஒரு ஏற்பாடு. ஒரு தெருவுல நூறு நாள் குத்தம் நடக்கலைன்னா அரசாங்கம் அவங்களுக்குப் பரிசு கொடுக்கும். அதுல ஒரு பங்கைத் தெருவுக்குச் செய்யணும். எங்க தெருவுக்கு நல்ல தண்ணி மிசினு வச்சுத் தாரோம்னாங்க. எங்களுக்குத் தண்ணிதான் தம்பி கஷ்டம். பொம்பளைங்க குடத்தை எடுத்துக்கிட்டு ரெண்டு தெரு தாண்டிப் போய் வரிசையில நிக்கணும். அதனால தெரு முக்குல ஒரு கரண்டு போர்டு மாட்டினாங்க. 'குற்றமில்லா நாட்கள்'னு எழுதி, கீழ சிவப்புல நம்பர். காலையில பல்லு விளக்கிக்கிட்டே எல்லாரும் அந்த நம்பரைத்தான் பாப்போம். முப்பது, நாப்பது, எழுபதுன்னு ஏறிச்சு. புருஷன் பெண்டாட்டி சண்டை கூட கதவை அடைச்சுக்கிட்டுத்தான். ரெண்டு அண்ணன் தம்பி வரப்புத் தகராறுக்கு, நூறு முடியட்டும் பாத்துக்கிடுதேன்னு தேதி குறிச்சு வச்சிருந்தாங்க.

எண்பத்தெட்டாம் நாள் காலையில என் வண்டி போச்சு.

வெள்ளன உப்பேத்தி, சாவியை வண்டியிலயே விட்டுட்டுக் குளிக்கப் போனேன். கம்பெனிக் காவல் இருக்க ஊருல சாவிய எடுத்து வச்சா அவங்களை நம்பலைன்னு ஆயிரும்லா? தலையில தண்ணிய ஊத்துதேன், "நயினார் உப்பு வந்திருக்கு தாயீ"ன்னு சத்தம் கேக்கு. அப்படியே தெருக்கோடி வரைக்கும் போகுது. ஆகா, இன்னைக்கு யாவாரம் வெள்ளனயே தொடங்கிட்டேன்னு சோப்புப் போட்டேன். துண்டை எடுத்துத் துவட்டையிலதான், நான் இங்க நிக்கேனே, அங்க விக்கது யாருன்னு தோணுச்சு. தெருவுல அத்தனை பேரும் பாத்திருக்காங்க தம்பி. உப்பு வண்டி உப்புச் சத்தத்தோட போகுது, யாரு சந்தேகப்படுவா?

மேனேஜர் பத்தே நிமிசத்துல வந்துட்டான். பழைய போலீசா இருந்தா நாமதான் போகணும். கையில ஒரு சிலேட்டு மாதிரி டேப்லெட்டு.

"அங்கிள், வண்டிய யாருக்காவது கொடுத்தீங்களா?"

"கொடுக்கலியே தம்பி. எடுத்துட்டுப் போயிட்டான்."

"யாரு எடுத்தா, பாத்தீங்களா?"

"பாக்கல. குளிச்சுக்கிட்டிருந்தேன்."

"பாக்காமலே எப்படி அங்கிள் திருட்டுன்னு சொல்லுவீங்க? இதுல மூணு கட்டம் இருக்கு. திருட்டு, தொலைந்தது, இரவல். திருட்டுல விரலை வச்சா போர்டு சைபர் ஆயிரும். தொலைந்ததுன்னு போட, வண்டி என்ன மோதிரமா?"

அதுக்குள்ள தெருவே கூடிட்டு. எதிர் வீட்டுக் கோமு இடுப்புல காலிக்குடத்தோட நிக்கா. "ஏ அண்ணாச்சி, பன்னெண்டு நாள்தான் கிடக்கு. ஒம்ம ஒரு வண்டிக்காக நாங்க ஆயுசு முழுக்கக் குடம் தூக்கணுமா? தெரிஞ்சவன் எவனாவது அவசரத்துக்கு எடுத்திருப்பான். சாயங்காலம் கொண்டாந்து விட்டுருவான்." எல்லாரும் தலையை ஆட்டுதாங்க. மேனேஜர் எங்காதுல வந்து, "இந்தத் தியாகத்தைக் கம்பெனி மறக்காது அங்கிள். நூறாம் நாள் மேடையில உங்களுக்குத்தான் பொன்னாடை"ங்கான்.

பொன்னாடைக்காக நான் போடல தம்பி. தப்பா நெனச்சுக்கிடாதீங்க. தெரு நன்மை. அதுவும் என் வீட்டுப் பொம்பளையும் குடம் தூக்குதவதான? அப்பக் கூட அவ தண்ணிக்குத்தான் போயிருந்தா. இரவல்ங்க கட்டத்துல விரலை வச்சேன். யாருக்குன்னு கேட்டதுக்கு அவனே 'தெரிந்த நபர்'னு போட்டான். எதுவரைக்கும்னா, 'தேவை முடியும் வரை'. கீழ பொடி எழுத்துல நாலு பக்கம் இருந்தது. மேனேஜர் நல்ல பையன், என்னத்தை வாசிக்கன்னு கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டேன்.

சொர்ணம் குடத்தோட திரும்பி வந்தா. விவரத்தைச் சொன்னேன். குடத்தை இறக்கி வச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீயளா?"

"உங்கிட்ட என்ன கேக்கதுக்கு இருக்கு? வண்டி எம் பேருல கிடக்கு."

"சத்தம்?"

"என்ன சத்தம்?"

அவ்வளவுதான் தம்பி, அதோட வாயை மூடினவதான். இந்த வெள்ளியோட பதினாலு வாரம். ஒரு சொல்லு கிடையாது. சோறு ரெடின்னா தட்டை 'ணங்'னு ஒருதடவை வைப்பா. காப்பின்னா டம்ளர் ரெண்டு தடவை. நான் ஏதாவது கேட்டா செம்பை உருட்டி விடுவா, அப்படின்னா 'இல்ல'ன்னு அர்த்தம். நானும் பழகிட்டேன். பூட்டின வாய்க்குக் காரணம் என்னன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், பிடிபடல. வண்டி போன வருத்தமா இருக்கும்.

ஒரு பழம் சாப்பிடுதீங்களா? சரி, நான் ஒண்ணு உரிச்சுக்கிடுதேன். சீப்புல ஒண்ணு குறைஞ்சா அவன் என்ன எண்ணியா பாக்கப் போறான்.

நாலாம் நாள் ஒரு போன் வந்தது.

"அண்ணாச்சி வணக்கம். கரும்பனூர்லேர்ந்து மந்திரமூர்த்தி பேசுதேன். உங்க வண்டிய இரவல் வாங்கினவன்."

"நீ எப்பல எங்கிட்ட இரவல் கேட்ட?"

"நான் எங்க அண்ணாச்சி கேட்டேன்? நீங்கதான கொடுத்திருக்கீய. கம்பெனியே சொல்லுது."

நடந்தது என்னன்னா, இவன் வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளத்தான் கொண்டு போயிருக்கான். சாவியைத் திருப்பினாத்தான வண்டி ஓடும், திருப்பினா பெட்டி பேசுது. கரும்பனூர்ல நுழைஞ்ச உடனே பொம்பளைங்க கிண்ணத்தோட மறிச்சுட்டாங்க. அடுப்பைக் கொறச்சு வச்சுட்டு வந்திருக்காங்க, இல்லன்னு சொல்ல முடியுமா? நின்னு நிதானமா என் உப்பு முழுசையும் வித்திருக்கான். மறுநாள் கம்பெனிக்காரன் வண்டி நம்பரைப் பாத்துப் பிடிச்சுட்டான். பிடிச்சு டேப்லெட்டைத் தட்டினா, இரவல்னு வருது. உடனே ஒரு சலாம் வச்சு, 'உரிமையாளர் அனுமதி உண்டு'ன்னு ஒரு சீட்டும் கொடுத்து, என் போன் நம்பரையும் கொடுத்து அனுப்பியிருக்கான்.

"வண்டியக் கொண்டாந்து விட்டுருல"ன்னேன்.

"இன்னும் தேவை முடியலியே அண்ணாச்சி. இரும்புக் கடையிலயும் போட வழியில்ல. இரவல் பொருளை வித்தா குத்தம்னு கம்பெனி சொல்லிட்டு. உப்பு வித்துத்தான் பொழைக்கணும்னு என்னையக் கட்டிப் போட்டுட்டீய."

குரல்ல ஒரு வருத்தம் இருந்தது தம்பி, பொய் சொல்லக் கூடாது.

மேனேஜர்கிட்ட ஓடினேன். உக்காரச் சொன்னான், காப்பி கொடுத்தான். "அங்கிள், இது ரெண்டு பேருக்குள்ள கொடுக்கல் வாங்கல். நாங்க குத்தம்தான் பாப்போம்"னான். சரி, நானே போய் எடுத்துட்டு வந்துருதேன்னேன். பயந்து எந்திரிச்சுட்டான். "அய்யய்யோ, அது திருட்டு அங்கிள். போர்டு சைபர் ஆயிரும். அப்புறம் உங்க தெருவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

நூறாம் நாள் வந்தது. மேடை, மைக்கு, பொன்னாடை. போட்டோ எடுத்து, 'அமைதியின் நாயகர்'னு போட்டு நோட்டீசு அடிச்சாங்க. இங்க பாருங்க, சட்டைப்பையிலதான் வச்சிருக்கேன். முகம் நல்லா விழுந்திருக்கா? சொர்ணம் வரல. நோட்டீசைக் கொண்டு போய்க் காட்டினேன். வாங்கி, அதுல வடையை எண்ணெய் பிழிஞ்சு வச்சா. தண்ணி மிசினு வந்தது. ஒம்பது நாள் ஓடிச்சு. இப்ப கோமு அதுமேல துணி காயப் போடுதா.

ஆனா எங்க தெருவுல அதுக்குப் பெறவு திருட்டே கிடையாது, அதைச் சொல்லணும். எல்லாம் இரவல்தான். ஒருத்தர் ஆடு இரவல் போயிருக்கு. ஒருத்தர் மோட்டார் இரவல் போயிருக்கு. கோமு வீட்டு வெண்கலப்பானை இரவல்ல இருக்கு. போர்டு இருநூறைப் பாத்துப் போயிக்கிட்டிருக்கு. ரெண்டு வாரத்துக்கு முன்னால மேனேஜரே நடந்து வந்தான், வேர்த்து விறுவிறுத்து. "தம்பி, வண்டி எங்க?"ன்னேன். "இரவல் கொடுத்திருக்கேன் அங்கிள்"னான். முகம் செத்துப் போயிருந்தது. ஸ்டேஷன் வாசல்ல நின்ன வண்டியாம். நல்ல மனசுக்காரன், யாருக்கோ உதவியிருக்கான் பாருங்க.

நான் மறுபடி சைக்கிளுக்கு வந்துட்டேன். நானே கூப்பாடு போடுதேன். நாய் குரைக்கு. வேற யாரும் வரதில்ல.

போன வாரம் மந்திரமூர்த்தி போன் போட்டான். வயர் அந்து போச்சு, பராமரிப்பு உரிமையாளர் பொறுப்புன்னு மூணாம் பக்கத்துல போட்டிருக்காம், நான் பாக்காட்டா குத்தமாம். சரிலேன்னேன். "இன்னொண்ணு அண்ணாச்சி. மழையில சத்தப்பெட்டி போச்சு. வேற பெட்டி வாங்கிட்டேன், ஆனா அந்தச் சத்தம் இல்ல. நான் பேசிப் பாத்தேன், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அக்கா இருக்காங்களா?"

"எதுக்கு? எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கிடுதேன்."

"இல்ல அண்ணாச்சி. அவங்க சத்தம், அவங்ககிட்டதான கேக்கணும்."

என் பட்டன் போன் பேசினா அடுக்களைக்குக் கேக்கும். சொர்ணம் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து போனை வாங்கினா. "சொல்லுங்க தம்பி"ங்கா. பதிமூணு வாரம் கழிச்சு வாயைத் தொறக்கா, அதுவும் திருடன்கிட்ட, அதுவும் 'ங்க' போட்டு. போனை எடுத்துக்கிட்டு முருங்க மரத்தடிக்குப் போயிட்டா. அரை மணி நேரம். நடுவுல ஒரு தடவை சிரிச்சா தம்பி. நான் எட்டிப் பாத்தேன், தெரிஞ்சு போய்ச் செம்பை உருட்டி விட்டா.

நீங்களே நியாயம் சொல்லுங்க. நான் என்ன செஞ்சேன்? பேசக் கூடாதுன்னா யார்கிட்டயும் பேசக் கூடாது. பேசணும்னா கட்டினவன்கிட்டல்ல முதல்ல பேசணும்?

நேத்து கோமு மகளைக் கூப்பிட்டு வச்சு, கதவைச் சாத்திக்கிட்டு, சத்தத்தைப் பதிஞ்சு ஒரு சின்ன கார்டுல ஏத்திட்டாங்க. அதைத் தீப்பெட்டிக்குள்ள வச்சு, வயரையும் பழத்தையும் பைக்குள்ள போட்டு, பையை என் முன்னால 'தொப்'புன்னு வச்சா. புறப்படுங்கன்னு அர்த்தம்.

இந்தா, இதுதான் அந்தத் தீப்பெட்டி. தம்பி, எனக்கு ஒரு உபகாரம். இந்தக் கார்டை என் போன்ல போட்டுத் தாங்க. எனக்குக் கண்ணு எட்டல. கரும்பனூர் வரதுக்குள்ள ஒருதடவை கேட்டுட்டு வச்சுருவோம். அவனுக்குத்தான் கொடுத்தா, ஆனா கேக்கக் கூடாதுன்னு சொல்லலியே. அவதான் எதுவுமே சொல்லதில்லையே.

ஆங், அதுதான். அமுக்குங்க. கொஞ்சம் கூட்டி வைங்க.

"சொர்ணம் உப்பு வந்திருக்கு தாயீ... நமத்துப் போகாத உப்பு... கல்லுப்பு, பொடியுப்பு... பதறாண்டாம், அடுப்பைக் கொறச்சு வச்சுட்டுப் பைய வாங்க..."

சொர்ணம் உப்பா? பேரைத் தப்பாச் சொல்லிட்டா போல. நயினார் உப்புன்னுதான் வரணும். இருங்க, நிப்பாட்டாதீங்க, இன்னும் ஓடுது.

"...என்னங்க. கேக்கீயளா? கேப்பீயன்னு தெரியும். கையில கொடுத்ததை வழியில பிரிக்காட்டா உங்களுக்கு இருப்புக் கொள்ளாதே. மந்திரமூர்த்திகிட்ட பேசி முடிச்சாச்சு. தேவை முடிஞ்சுதுன்னு எழுதித் தாரான். அவனுக்கு வேற வண்டி இரவல் கிடைச்சிருக்காம், கம்பெனி பேரு போட்ட வண்டியாம். அதுல எஞ்சத்தம் ஓடட்டும், கேட்டான், கொடுத்தேன். நம்ம வண்டிக்கு வயரை மாட்டி ஓட்டிட்டு வாங்க. அங்க ஒரு தாள் தருவான். வண்டி இனி எம் பேருக்கு. இந்தத் தடவையாவது வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க, தெரியலைன்னா பக்கத்துல இருக்கவங்ககிட்ட கேளுங்க. மீன் வாங்கி வைக்கேன், மத்தியானத்துக்குள்ள வந்துருங்க. பழத்தைத் தின்னு தீத்துராதீய. போதும் பிள்ள, நிப்பாட்டு."

தம்பி.

பேசிட்டா.

இல்ல, தூசி விழுந்துட்டு, சன்னலைக் கொஞ்சம் இறக்குங்க. மறுபடி ஒருதடவை போடுங்களேன். அந்த 'என்னங்க'லேர்ந்து போட்டாப் போதும். மீன் வாங்கி வைக்காளாம், கேட்டீங்களா? பழத்தை நான் தின்பேன்னு வீட்டுல இருந்தே கண்டுபிடிச்சிருக்கா பாருங்க. இந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க, ஊரு வந்துட்டு. கண்டக்டர், ஆளு இறங்கணும்.

எல்லாம் சரி தம்பி, எனக்குச் சந்தோசந்தான். ஆனா ஒண்ணு பாருங்க. வண்டிய யாரு கொண்டு வரணும், யாரு பேருக்கு எழுதணும், சத்தத்தை யாருக்குக் கொடுக்கணும்னு இவ்வளவையும் தானே பேசி முடிச்சு வச்சிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?